சொல்லாமல் விட்டதற்கு யார் பொறுப்பு? இணையச் சந்தையில் அரைகுறை விவரங்களும் அவை கிளப்பும் தகராறுகளும்

இணையச் சந்தையில் ஒரு பழைய கேமரா லென்ஸ் விற்பனைக்கு வருகிறது. மாடல் பெயர், நான்கு படங்கள், "நல்ல கண்டிஷன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் விவரம். வாங்கியவர் பெட்டியைப் பிரித்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் உள்ளே நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. "இதைச் சொல்லவே இல்லையே" என்கிறார் வாங்கியவர். "பூஞ்சை இல்லை என்று நான் எங்கே எழுதினேன்?" என்கிறார் விற்றவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அதனால்தான் இந்த வகைத் தகராறு எளிதில் முடிவதில்லை.

விவரத்தில் பொய் இருந்தால் சிக்கல் குறைவு. சிவப்பு என்று எழுதி நீலத்தை அனுப்பினால் யாரும் வாதாட மாட்டார்கள். தளங்களின் புகார் முறையும் எழுதியதையும் வந்ததையும் பக்கத்தில் வைத்து முரண் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏற்பட்டது. எழுதாமல் விட்டதை எடைபோடும்போது அது தடுமாறுகிறது.

ஆனாலும், விடுபட்ட இடங்கள் எல்லாம் வெற்றிடம் அல்ல. அவற்றில் ஒரு பகுதியைச் சட்டம் நிரப்புகிறது. இன்னொரு பகுதியைத் தளத்தின் விதிகள் நிரப்புகின்றன. மிச்சம் இருப்பது வாங்குபவர் தலையில் விழுகிறது. எது எந்தப் பகுதியில் சேரும் என்று பிரிக்கத் தெரியாமல் போடும் புகார், நியாயம் இருந்தும் தோற்கிறது.

கடை வேறு, சந்தைத் தளம் வேறு

இணையத்தில் வாங்கும்போது இரண்டு வகை ஏற்பாடுகள் உண்டு. முதலாவதில் தளமே பொருளை வைத்திருந்து தானே விற்கிறது. இரண்டாவதில் தளம் இடம் மட்டும் தருகிறது, விற்பவர் வேறொருவர். அவர் ஒரு நிறுவனமாக இருக்கலாம், வீட்டில் கிடக்கும் பழைய பொருளை விற்கும் தனிநபராகவும் இருக்கலாம். இந்த இரண்டாவது வகைதான் சந்தைத் தளம். ஒரே தளத்தில், ஒரே பக்கத்தில், இரண்டு வகையும் கலந்து கிடப்பதும் உண்டு. "விற்பவர்" என்று சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தால்தான் ஒப்பந்தம் யாரோடு என்று தெரியும்.

இதன் விளைவு முக்கியமானது. பொருளுக்கான முதல் பொறுப்பு விற்பவருடையது. தளம் தரும் பணம் திரும்பும் உத்தரவாதம் அதற்கு மேல் போடப்பட்ட தனி ஏற்பாடு. அதற்குத் தனி விதி, தனிக் கெடு. அந்த உத்தரவாதத்தில் புகார் தோற்றுவிட்டது என்பதால் விற்பவருக்கு எதிரான சட்ட உரிமை செத்துவிடுவதில்லை. பலர் இதை அறியாமல் தளத்தின் மறுப்பு மின்னஞ்சலோடு விட்டுவிடுகிறார்கள்.

விவரத்தை எழுதுவது யார்?

விவரம் முழுவதையும் விற்பவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அப்படி நடப்பதில்லை. பெரிய தளங்களில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பொதுப் பக்கம் இருக்கும். விற்பவர் மாடல் எண்ணையோ பார்கோடையோ கொடுத்தால் படம், அளவுகள், பெட்டியில் உள்ளவை என எல்லாம் தானாக வந்து நிரம்பிவிடும். அந்த விவரம் சொல்வது புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு பொருளைப் பற்றி. விற்பவர் கையில் இருப்பதோ நான்கு ஆண்டு பழகிய ஒன்று.

பொதுப் பக்கத்தில் "பெட்டியில்: சார்ஜர், கேபிள், கையேடு" என்று இருக்கும். விற்பவர் கீழே, தன் குறிப்பில், "சாதனம் மட்டும்" என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இப்படி முரண்பட்டால், குறிப்பிட்ட பொருளைப் பற்றி விற்பவரே எழுதியதற்குத்தான் பொதுவாக எடை அதிகம், அது நியாயமும்கூட. ஆனால் விற்பவர் தன் குறிப்பில் ஒன்றுமே எழுதவில்லை என்றால், பொதுப் பக்கத்தில் இருப்பதே அவருடைய வாக்குறுதி. "அது தளம் போட்டது, நான் எழுதவில்லை" என்ற சமாதானம் நிற்காது. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் அவர் விற்றிருக்கிறார்.

விடுபடுபவை நான்கு வகை

1. நிலை. கீறல், பூஞ்சை, தேய்ந்த பேட்டரி, பழுது பார்த்த தடம். பழைய கைபேசிகளில் இது அதிகம். லித்தியம்-அயன் பேட்டரி பயன்பாட்டில் தேய்ந்துகொண்டே போகும். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80% கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்று ஆப்பிள் சொல்கிறது. ஆகவே "நன்றாக வேலை செய்கிறது" என்ற வரி உண்மையாக இருக்கும்போதே மாலைக்குள் சார்ஜ் இறங்கிவிடவும் கூடும்.

2. உடன் வருபவை. மூடி, கேபிள், ரிமோட், ஒரு தொகுதியில் குறையும் ஒரு பாகம். படத்தில் இருந்ததா இல்லையா என்பதே இங்கே வழக்கின் மையம்.

3. பொருத்தம். பொருளில் குறை இல்லை. வாங்கியவரிடம் இருக்கும் மற்றொன்றோடு சேரவில்லை. 110-120 வோல்ட்டுக்கான சாதனம் 220-240 வோல்ட் நாட்டுக்கு வருவது. உலகின் ஒரு பகுதிக்கென்று வெளியான முதல் மண்டல டிவிடி, வேறு பகுதிக்கான இரண்டாம் மண்டலப் பிளேயரில் ஓடாதது. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சிம் மட்டுமே ஏற்கும் கைபேசி.

4. அடையாளம். அசல் உதிரிப் பாகமா, அதற்கு இணையான வேறு நிறுவனத் தயாரிப்பா? புதியதா, பழுது நீக்கிப் புதுப்பித்ததா? எந்தப் பதிப்பு? மாடல் எண்ணின் கடைசி எழுத்தில் ஒளிந்திருக்கும் வேறுபாடு இந்த வகை.

இந்த நான்கில் முதலாவதும் நான்காவதும் புகாரில் வெல்லக்கூடியவை. மூன்றாவதுதான் பெரும்பாலும் தோற்கும். காரணம் கீழே வருகிறது.

மௌனம் பொய்யாகுமா? பழைய கேள்வி

இணையம் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கேள்வி வாதிக்கப்பட்டிருக்கிறது. கிமு 44ல் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ ஒரு சூழலை முன்வைக்கிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்லவேண்டுமா? தத்துவஞானியான பாபிலோனின் டயோஜெனீஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், தெரிந்த எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்கிறார். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் நிற்கிறார். அவர் பிரிக்கும் கோடு கூர்மையானது: சொல்லாமல் இருப்பதெல்லாம் மறைப்பதாகாது, தெரிந்தால் மற்றவருக்குப் பயன்படும் ஒன்றை, தன் லாபத்துக்காக அவர் அறியக்கூடாது என்று விரும்பி அடக்கிக்கொள்வதே மறைப்பு.

ஆங்கிலேயச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1871ல் வந்த ஸ்மித் எதிர் ஹியூஸ் வழக்கில், பந்தயக் குதிரைகளைப் பழக்குபவர் ஒருவர் ஓட்ஸ் வாங்கினார். அவருக்குத் தேவைப்பட்டது பழைய ஓட்ஸ். விற்றவர் மாதிரி காட்டிக் கொடுத்தது அந்த ஆண்டின் புது ஓட்ஸ். வாங்குபவர் தானாகவே தவறாக நினைத்துக்கொண்டார் என்றால், விற்பவர் அதை அறிந்து பேசாமல் இருந்தாலும் ஒப்பந்தம் அதனால் மட்டும் முறியாது என்பது நீதிபதிகளின் நிலை. வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டின் கடினமான முகம் இது.

அதற்கு 5 ஆண்டு முன்னால் வந்த டிம்மக் எதிர் ஹாலட் வழக்கு இன்றைய இணைய விற்பனைக்கு இன்னும் நெருக்கமானது. விற்பனைக்கு வந்த நிலத்தின் பண்ணைகள் குத்தகையில் இருக்கின்றன என்று விவரத்தில் எழுதியிருந்தார்கள். குத்தகைக்காரர்கள் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டதை எழுதவில்லை. எழுதியதில் பொய் இல்லை. ஆனாலும் நீதிமன்றம் அதைத் தவறான கூற்று என்றே கொண்டது. பாதியைச் சொல்லி மீதியை விடுவதால் சொன்ன பாதியே திரிந்துபோகிறது என்பது காரணம். அதே விவரத்தில் நிலம் "வளமானது, மேம்படுத்தத் தக்கது" என்று இருந்ததை மட்டும் வெறும் விற்பனைப் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டது.

இன்று "சூப்பர் கண்டிஷன்" என்ற வரிக்கு அந்தப் புகழ்ச்சியின் கதிதான். அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில் பயனில்லை. "கடந்த ஆண்டு சர்வீஸ் செய்யப்பட்டது" என்று எழுதி, சர்வீஸில் பழுது கண்டுபிடிக்கப்பட்டதை விட்டுவிட்டால் அது வேறு. அது அரை உண்மை. வாங்குபவரின் பலம் அங்கேதான்.

இன்றைய சட்டம் எந்த இடங்களை நிரப்புகிறது

இங்கே இரண்டு கடமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விவரத்தோடு பொருள் ஒத்துப்போக வேண்டும் என்பது. இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த மற்ற நாடுகளிலும் இதே விதி உண்டு. கடைக்காரர், தனிநபர் என்ற வேறுபாடு இதில் இல்லை. 1967ல் இங்கிலாந்தில் பீல் எதிர் டெய்லர் வழக்கில் ஒரு தனிநபர் தன் காரை "1961 ஹெரால்ட்" என்று விளம்பரம் செய்து விற்றார். பின்பாதி மட்டுமே 1961ஆம் ஆண்டு மாடல். முன்பாதி அதைவிடப் பழைய வேறு ஒரு கார். இரண்டையும் சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். விற்றவருக்கே அது தெரியாது. வாங்கியவர் நேரில் பார்த்துத்தான் வாங்கினார். அப்படியிருந்தும் வாங்கியவர் வென்றார். விற்பவரின் நல்லெண்ணம் இங்கே கணக்கில் வருவதில்லை.

இரண்டு, பொருள் நியாயமான தரத்தில் இருக்க வேண்டும் என்பது. இது எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய கடமை. ஆனால் அந்தப் பொருளை வணிகமாக விற்பவருக்கு மட்டுமே உரியது. ஆகவே, பூஞ்சை பிடித்த லென்ஸை வணிகர் எதுவும் சொல்லாமல் விற்றால் இந்தக் கடமை அவரைப் பிடிக்கும். தனிநபர் விற்றால் விவரத்தில் என்ன எழுதினார் என்பதை மட்டுமே பிடித்துக்கொள்ள முடியும். வாங்கும் முன் விற்பவர் யார் என்று பார்க்கச் சொல்வதன் உண்மையான காரணம் இதுதான்.

நுகர்வோர் சட்டங்கள் இதற்கு மேலும் ஒரு படி போகின்றன. முக்கியமான தகவலை விடுவதையே அவை தவறாகக் கருதுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு வணிக நடைமுறை ஆணையின் 7ஆவது விதி, தவறாக வழிநடத்தும் விடுபடல்களுக்கென்றே எழுதப்பட்டது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதைத் தவறான விளம்பரம் என்ற வரையறைக்குள் வைக்கிறது. 2020 மின்வணிக விதிகளின்படி, வாங்குபவர் தெளிந்து முடிவெடுக்கத் தேவையான விவரங்களை விற்பவர் வாங்கும் முன்பே தரவேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் பொருளில் இல்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கவும் கூடாது.

ஏன் எழுதாமல் விடுகிறார்கள்

எல்லா விடுபடலும் சூழ்ச்சி அல்ல. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பட்டியலிடும் விற்பவருக்கு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க நேரமில்லை. காலமான ஒருவர் வீட்டுப் பொருள்களை மொத்தமாக எடுத்து விற்பவருக்கு அவை என்னவென்றே தெரியாது. மாடல் எண் எழுதினாலே எல்லாம் அடங்கிவிட்டது என்று துறை அறிந்தவர் நினைக்கிறார். வேண்டுமென்றே விடுபவர்களும் நிச்சயமாக இருக்கிறார்கள்.

பொருளாதார வல்லுநர்கள் இதை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் காட்டியது இது: தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் தருவார், அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல பொருளை வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். இந்தத் துறை ஆய்வுகளுக்காக அவர் 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1981ல் சான்ஃபோர்ட் கிராஸ்மனும் பால் மில்க்ரமும் தனித்தனியே மறுபக்கத்தைச் சொன்னார்கள். உண்மையைச் சொல்வதற்குச் செலவில்லை, சொன்னதைச் சரிபார்க்கவும் முடியும் என்றால், நல்ல பொருள் வைத்திருப்பவர் நிச்சயம் சொல்லிவிடுவார். ஆகவே சொல்லாதவரிடம் இருப்பது மோசமானது என்று வாங்குபவர் முடிவுகட்டலாம்.

இந்த இரண்டாவது கருத்தை நடைமுறையில் நாம் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. விவரத்தில் இருக்கும் காலி இடத்தை நம் ஆசையால் நிரப்பிக்கொள்கிறோம். எல்லா விற்பவரும் பேட்டரி நிலையை எண்ணோடு எழுதும் ஒரு பிரிவில் ஒருவர் மட்டும் அதை விட்டிருந்தால், அந்தக் காலி இடமே ஒரு தகவல். ஈபே என்ற சந்தைத் தளத்தில் நடந்த பழைய கார் விற்பனைகளை ஆராய்ந்து கிரெகரி லூயிஸ் 2011ல் வெளியிட்ட கட்டுரையும் இதே திசையில் நிற்கிறது: கூடுதல் படமும் எழுத்தும் தந்த விற்பவர்களின் கார்களுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. முழு விவரம் எழுதுவது விற்பவருக்கும் லாபம்தான்.

ஒரே லென்ஸ், மூன்று புகார்கள்

தொடக்கத்தில் சொன்ன லென்ஸுக்கே வருவோம். அது மோட்டார் இல்லாத பழைய நிக்கான் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் வணிகர், "பயன்படுத்தியது" என்ற நிலையில் பட்டியலிட்டிருக்கிறார்.

1. பூஞ்சை. வலுவான புகார். "பயன்படுத்தியது" என்ற நிலைக்கு ஈபே பொதுவாகத் தரும் விளக்கம், தேய்மானத் தடங்கள் இருக்கலாம், ஆனால் பொருள் முழுமையாக இயங்க வேண்டும் என்பது. இயங்காத பொருளுக்கு "உதிரிப் பாகங்களுக்கு அல்லது இயங்காதது" என்று தனி நிலை இருக்கிறது. ஆகவே விற்பவர் தேர்ந்தெடுத்த ஒரு சொல்லே அவர் எழுதாத பல வரிகளுக்கு ஈடாகிறது. படத்தின் தெளிவைக் கெடுக்கும் பூஞ்சை அந்தச் சொல்லோடு முரண்படுகிறது. சட்டத்தின் தரக் கடமையும் கூடவே நிற்கிறது.

2. முன்மூடி வரவில்லை. இது படங்களைப் பொறுத்தது. படத்தில் மூடி இருந்தால் அது விற்பனையின் பகுதி. விவரத்தில் எழுதவில்லை என்ற வாதம் நிற்காது. படத்திலும் இல்லை, எழுத்திலும் இல்லை என்றால் பழைய பொருளுக்கு மூடியை எதிர்பார்த்தது வாங்கியவரின் யூகம்.

3. என் கேமராவில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. இந்த வகை லென்ஸ் ஃபோகஸ் செய்யக் கேமராவுக்குள் மோட்டார் வேண்டும். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அது கிடையாது. லென்ஸில் குறையே இல்லை; விற்பவர் "ஆட்டோஃபோகஸ் லென்ஸ்" என்று எழுதியதும் சரி. வாங்கியவரிடம் எந்தக் கேமரா இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரிய வழியில்லை. பொருத்தம் பற்றிய புகார்கள் பெரும்பாலும் தோற்பது இதனால்தான். "எல்லா நிக்கான் கேமராக்களுக்கும் பொருந்தும்" என்று விற்பவர் எழுதியிருந்தால் மட்டும் நிலைமை தலைகீழாகும்.

மூன்று புகாரையும் ஒரே கடிதத்தில் கொட்டி அனுப்புவது பலர் செய்யும் பிழை. பலவீனமான இரண்டும் வலுவான ஒன்றையும் கீழே இழுத்துவிடுகின்றன. பூஞ்சையை மட்டும் எழுத வேண்டும்.

தளம் எப்படி முடிவெடுக்கிறது

புகாரைப் பார்ப்பவருக்குப் பொருள் கையில் கிடைப்பதில்லை. விவரப் பக்கம், இரு தரப்பும் பேசிய செய்திகள், அனுப்பிய படங்கள் ஆகியவை மட்டுமே அவர் முன் இருக்கின்றன. ஆகவே அந்த மூன்றிலும் இல்லாத உண்மை, அவரைப் பொறுத்தவரை இல்லாத உண்மைதான்.

முதல் கட்டமே தீர்மானமானது: திருப்பி அனுப்பும் காரணத்தைத் தேர்ந்தெடுப்பது. "விவரத்தோடு ஒத்துப்போகவில்லை" என்பதும் "மனம் மாறிவிட்டது" அல்லது "எனக்குப் பொருந்தவில்லை" என்பதும் இரண்டு வேறு பாதைகள். முதலாவதில் திருப்பி அனுப்பும் செலவு பொதுவாக விற்பவருடையது. அவர் மறுத்தால் தளம் தலையிடும். இரண்டாவதில் செலவு பெரும்பாலும் வாங்கியவருடையது. விற்பவர் ரிட்டர்ன் ஏற்பதில்லை என்று அறிவித்திருந்தால் கதவே மூடிவிடும். அவசரத்தில் தவறான காரணத்தை அழுத்திவிட்டுப் பிறகு மாற்றப் போராடுவது கடினம்.

ஆதாரங்களில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வாங்கிய அன்றே விவரப் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் அது மாறலாம், மறையலாம். குறையைக் காட்டும் படத்தில் வரிசை எண் போன்ற அடையாளமும் சேர்ந்து தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது வேறொரு பொருள் என்று விற்பவர் சொல்லக்கூடும். பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். தொலைபேசியில் விற்பவர் ஒப்புக்கொண்டது எதையும் தளம் அறியாது.

பாதிப் பணம் தருகிறேன், பொருளை வைத்துக்கொள்ளுங்கள் என்று விற்பவர் சொல்வது வழக்கம். சின்னக் குறைக்கு அது நல்ல தீர்வு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் பெரும்பாலும் புகார் அத்துடன் முடிந்துவிடும். குறையின் முழு அளவு தெரிவதற்கு முன் ஒப்புக்கொள்ளக் கூடாது. "முதலில் புகாரை வாபஸ் வாங்குங்கள், பிறகு பணம் அனுப்புகிறேன்" என்ற பேச்சுக்கு மட்டும் எந்த நிலையிலும் இணங்க வேண்டாம். இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் மூடிய தகராறை மீண்டும் திறக்க முடியாது.

"உள்ளது உள்ளபடி", "ரிட்டர்ன் கிடையாது", "சோதிக்கவில்லை"

இந்த மூன்று வரிகளும் விற்பவர்கள் கேடயமாகப் போடுபவை. அவற்றின் எல்லை வேறுவேறு.

"உள்ளது உள்ளபடி" என்பது, அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்பின்படி, சொல்லாமலே உள்ளடங்கும் தர உறுதிகளை நீக்கும். ஆனால் விவரத்தில் வெளிப்படையாக எழுதியதை நீக்காது. "உள்ளது உள்ளபடி, 64 ஜிபி" என்று எழுதி 32 ஜிபியை அனுப்பினால் கேடயம் பயன்படாது. "ரிட்டர்ன் கிடையாது" என்பது மனம் மாறியவர்களுக்கு எதிராக மட்டுமே செல்லும். விவரத்தோடு பொருந்தாத பொருளுக்கு ஈபேயின் உத்தரவாதம் அந்த வரியைத் தாண்டிச் செயல்படும்.

"சோதிக்கவில்லை" என்ற வரியை வாங்குபவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். அது விடுபடல் அல்ல, ஓர் அறிவிப்பு: இயங்கும் என்று விற்பவர் உறுதி தரவில்லை. ஒரு பேட்டரியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் சாதனத்தைக்கூடச் சோதிக்கவில்லை என்றால், இயங்காது என்ற கணக்கில் விலை போட்டு வாங்குவதே சரி.

கேட்டால் எழுத்தாகும்

மேலே சொன்ன அனைத்திலிருந்தும் வரும் நடைமுறை முடிவு ஒன்றுதான்: விடுபட்ட இடத்தை வாங்கும் முன்பே விற்பவரின் எழுத்தாக மாற்ற வேண்டும். விற்பவர் செய்தியில் தரும் பதிலும் அவர் சொன்ன விவரத்தின் பகுதியாகவே மதிக்கப்படும்.

கேள்வி அமையும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "பொருள் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது சார்" என்று பதில் வரும், அது விற்பனைப் புகழ்ச்சி. இப்படிக் கேட்கலாம்:

"வணக்கம். லென்ஸுக்குப் பின்னால் டார்ச் வைத்துப் பார்த்தால் உள்ளே பூஞ்சை, மங்கல், கீறல் ஏதாவது தெரிகிறதா? ஃபோகஸ் வளையம் தடையில்லாமல் சுழல்கிறதா? முன்மூடியும் பின்மூடியும் சேர்த்து அனுப்புவீர்களா? நான் பயன்படுத்துவது நிக்கான் டி5600. அதில் ஆட்டோஃபோகஸ் இயங்குமா?"

ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியும். கடைசிக் கேள்வி, மேலே தோற்ற மூன்றாவது புகாரையே மாற்றிவிடுகிறது. வாங்குபவரின் தேவை இப்போது விற்பவருக்குத் தெரியும். அவர் "இயங்கும்" என்று எழுதினால் அது அவருடைய பொறுப்பு. "தெரியவில்லை" என்றால், வாங்குவதா வேண்டாமா என்று இவர் முடிவெடுக்கலாம். பதிலே வராவிட்டால் கிராஸ்மனும் மில்க்ரமும் சொன்ன முடிவுக்கே வரலாம்.

கெடுகள், அடுத்த கதவுகள்

நியாயமான புகார்கள் அதிகம் சாவது காலக்கெடுவில். ஈபேயின் உத்தரவாதத்தில், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து பொதுவாக 30 நாள். அமேசானில் பிறர் விற்ற பொருளுக்கான ஏ-டு-இசட் உத்தரவாதத்தில், பொருள் வந்து சேரவேண்டிய கடைசி நாளிலிருந்து 90 நாள். பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாளுக்குள் தகராறைத் திறக்கலாம். திறந்த 20 நாளுக்குள் அதை, பேபாலே முடிவு சொல்லும் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிவிடும். இந்த 20 நாளைப் பேச்சிலேயே கடத்திவிடும் விற்பவர்கள் உண்டு. நண்பருக்கு அனுப்புவதுபோன்ற தனிப்பட்ட பணப் பரிமாற்றமாகச் செலுத்தியிருந்தால் பேபால் பாதுகாப்பே கிடையாது.

கார்டில் செலுத்தியிருந்தால் சார்ஜ்பேக் என்ற வழி இருக்கிறது. கார்டு கொடுத்த வங்கியே பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை அது. விவரத்தோடு ஒத்துப்போகாத பொருளுக்கு விசாவில் 13.3, மாஸ்டர்கார்டில் 4853 என்ற காரண எண்கள் உண்டு. கெடு பொதுவாக 120 நாள். தளத்தில் புகார் நடக்கும்போதே சார்ஜ்பேக்கையும் தொடங்கினால் தளம் தன் விசாரணையை நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே முதலில் தளம், பிறகு வங்கி என்ற வரிசை நல்லது. கெடுவை மட்டும் கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் சட்டத்தின் கதவு இருக்கிறது. பிரிட்டனில் வணிகரிடம் வாங்கிய பொருள் விவரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வணிகரிடம் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பலாம். தனிநபர் விற்றதற்கு இது பொருந்தாது. இந்தியாவில் மின்வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டு அவகாசம் உண்டு. விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைத் தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் சேர்த்த வசதி.